வடிவக்காவின் பச்சைத் தட்டி

என் அருமை வடிவக்கா,

நீ இருந்தவரை உனக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை. ஒரே வீட்டில், அடுத்தடுத்த அறையில் இருக்கிறவர்களுக்கு யார் கடிதம் எழுதுவார்கள்? பேசியிருக்கலாம். ஆனால் நான் ஒரு வாக்கியத்தை மனதில் அடுக்கி முடிப்பதற்குள் நீ மூன்று வாக்கியம் பேசி, அதற்கு நான் சொல்ல இருந்த பதிலையும் நீயே சொல்லிவிடுவாய். இப்போது குறுக்கே பேச முடியாது. அதற்காக மன்னித்துக்கொள்.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உன் கோர்ட்டை மியூசியமாக்குகிறார்கள், அக்கா.

சிவில் லைன்ஸ் பக்கத்துப் பழைய கட்டடம்தான். நீ கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் போன இடம். கோர்ட்டு புதுக் கட்டடத்துக்குப் போன பிறகு அங்கே புறாக்களும் கால் உடைந்த நாற்காலிகளும்தான் குடியிருந்தன. இப்போது சிமெண்டுப் பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு, சுண்ணாம்பும் சுர்க்கி என்கிற செங்கல் பொடியும் வெல்லமும் கலந்து பழைய முறைப்படி பூசுகிறார்கள். அந்த வட்டாரத்தின் கதையை அங்கே வைக்கப் போகிறார்களாம். யார் எங்கிருந்து வந்து குடியேறினார்கள், என்ன தொழில் செய்தார்கள், எதற்காக ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டார்கள் என்பதையெல்லாம்.

அந்தக் கமிட்டியில் நானும் இருக்கிறேன். சிரிக்காதே. அந்த வேலையை நடத்தும் ஆர்க்கிடெக்ட் காவேரி, நம் மயூர் விஹார் பெண்தான், பக்கத்துக் குடியிருப்பு. சர்க்காரில் பழைய கட்டடங்களை அளந்து வரைந்தவர் யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்று தேடியிருக்கிறாள். "அங்கிள், கம்ப்யூட்டர்ல எல்லாம் வந்துடும். ஆனா கையால அளந்தா வேற மாதிரி தெரியும், ஹை நா? ப்ளீஸ், மனா மத் கரோ" என்றாள். மறுக்க எனக்கு எப்போது தெரிந்திருக்கிறது? ஒப்புக்கொண்டேன்.

பனிக்காலம் தொடங்கிவிட்டது. வானம் காலையிலிருந்தே புகை படிந்து சாம்பல் நிறம். டாக்டர் வெளியே போகாதே என்கிறார். காவேரி வாருங்கள் என்கிறாள். முகமூடியைப் போட்டுக்கொண்டு மெட்ரோவில் போகிறேன். ராஜீவ் சௌக்கில் வண்டி மாறுவதற்குள் முழங்கால் இரண்டும் என்னிடம் தனித்தனியாகப் புகார் சொல்லும். நீ உன் கடைசி வருடம்வரை படியேறிய வேகத்தை நினைத்துக்கொள்வேன். எனக்கு அது ஒருநாளும் வாய்க்கவில்லை.

கூட்டங்கள்தான் இன்னும் களைப்பு. டீ வரும், பிஸ்கட் வரும், தலைவர் வருவார். பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் கேள்வி கேட்டுவிட்டு உடனே முகத்தைப் பார்ப்பார். அவர் பார்த்தால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. "ஏல, வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க?" என்று நீ கேட்பாயே, அதே கதைதான். இந்த வயதிலும் கொழுக்கட்டை கரையவில்லை.

இனி நடந்ததைச் சொல்ல வேண்டும். சுற்றி வளைப்பதாக நினைக்காதே. எனக்கு ஒழுங்காகச் சொன்னால்தான் வரும்.

எங்கள் வரைபடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஏற்கெனவே இருப்பதும் இனியும் இருக்க வேண்டியதும் கறுப்பு. புதிதாகக் கட்டப் போவது சிவப்பு. இடித்து அகற்ற வேண்டியது மஞ்சள். பழைய கட்டடத்தை முதலில் கட்டியபடி மீட்கும் வேலை என்றால், பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவற்றுக்கெல்லாம் மஞ்சள்தான். தண்ணீர்த் தொட்டி, தகரக் கூரை, கேண்டீன்காரர் எழுப்பிய அரைச் சுவர். வாழ்நாள் முழுக்க நான் அப்படித்தான் செய்தேன். யோசிக்காமல் கை தானாக மஞ்சள் பென்சிலை எடுக்கும்.

பின்பக்கத் தாழ்வாரத்தின் மூலையில் பலகைகளை நிறுத்திவைத்து அடைத்த ஒரு தடுப்பு இருந்தது. கண்ணை உறுத்தும் பச்சை பெயிண்ட். ஒரு பலகை உயரம், அடுத்தது குட்டை. தரையைத் தொடாமல் ஒரு சாண் இடைவெளி. அதன் பின்னால் உடைந்த மேஜை நாற்காலிகளைக் கூரைவரை அடைத்துவைத்திருந்தார்கள். உள்ளே போக முடியவில்லை. வெளியிலிருந்து அளந்தேன். 'பிற்காலச் சேர்க்கை, மதிப்பு ஏதுமில்லை' என்று எழுதி மஞ்சள் அடித்தேன். தலைவரும் கையெழுத்துப் போட்டார்.

சில நாள் கழித்து வாசலில் ஒருவர் என்னை நிறுத்தினார். அந்தக் காலத்தில் வேப்பமரத்தடியில் மனு டைப் அடித்துக் கொடுத்தவர். இப்போதும் அதே மரத்தடியில்தான் இருக்கிறார். டைப்ரைட்டர் இருந்த இடத்தில் லேப்டாப். "நெல்லை சாப், வடிவுஜி கி தீவார் பி ஜாயேகி க்யா?" என்றார். வடிவுஜியின் சுவரும் போகிறதா என்று.

"எந்தச் சுவர்?" என்றேன்.

கையை நீட்டி அந்தப் பச்சைத் தடுப்பைக் காட்டினார்.

அக்கா, நீ வீட்டில் 'என் தட்டி, என் தட்டி' என்று எத்தனை முறை சொல்லியிருப்பாய். நான் ஊர்ப் பக்கம் கட்டுகிற மூங்கில் தட்டி என்றே நினைத்திருந்தேன். உன் கோர்ட்டுக்கு ஒருநாளாவது வந்திருந்தால் தெரிந்திருக்கும். கோர்ட்டு என்றாலே எனக்குப் பயம் என்று உனக்குத் தெரியும்; நீயும் வா என்று சொன்னதில்லை.

நீ அதை எதற்காக வைத்தாய் என்பது மட்டும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஜீவனாம்சத்துக்கு வழக்குப் போட்ட பெண்கள் காலையிலிருந்து அந்தத் தாழ்வாரத்தில் நிற்க வேண்டும். எதிரே புருஷனும் அவன் அண்ணன் தம்பிகளும். யாரும் தொட மாட்டார்கள், திட்ட மாட்டார்கள். சும்மா பார்த்துக்கொண்டே இருப்பார்கள். மத்தியானம் பெயர் கூப்பிடும்போது அந்தப் பெண் உன் கையைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம் மேடம், வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்பாள். "சட்டத்துல தோக்கலலே, முழிச்சிப் பாத்தே தோக்கடிச்சிட்டானுவ" என்று வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே உட்கார்ந்திருப்பாய். அப்புறம் கோர்ட்டு ஆபீஸ்காரர்களை நச்சரித்து அந்தத் தட்டியை வைக்கவைத்தாய். அதற்கு நான் மஞ்சள் அடித்திருக்கிறேன்.

அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை. காலையில் கமலா வந்தாள். அவளை நீ மறந்திருக்க மாட்டாய்; கள்ளக்குறிச்சிப் பக்கம். உன்னிடம் வழக்குக்கு வந்தவள், அப்புறம் நம் வீட்டுச் சமையலறையைத் தன் வசமாக்கிக்கொண்டவள். அவள் கட்டாயம் என் பக்கம் நிற்பாள் என்று நினைத்து விஷயத்தைச் சொன்னேன்.

"எது, அந்தப் பச்சப் பலகையா?" என்றாள், மாவைப் பிசைந்துகொண்டே. "அத எதுக்கண்ணா மியூசியத்துல வைக்கறது? ராஜா வாளு, ராணி பொடவைன்னு வச்சா நாலு பேரு டிக்கெட் வாங்கிப் பாப்பாங்க."

"நீ அங்கே உட்கார்ந்திருக்கிறாயே, கமலா."

"உக்காந்தேன். பூனை மூத்தர நாத்தம். அங்க உக்காந்து மூக்கச் சிந்துனதுதான் மிச்சம். எடுத்துப் போடச் சொல்லுங்க." கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா பேரு அதுல எங்கியாவது எழுதியிருக்கா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். "பின்ன?" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.

எனக்கு அப்போதே பாதி தெம்பு போய்விட்டது. நான் அந்தத் தட்டியைக் கேட்பது அந்தப் பெண்களுக்காகவா, நீ என் அக்கா என்பதற்காகவா? உட்கார்ந்தவளுக்கே வேண்டாம் என்றால் நான் யார்?

ஆனாலும் ஒரு முயற்சி செய்தேன். பின்னால் அடைத்திருந்த நாற்காலிகளைக் காலிசெய்திருந்தார்கள். உள்ளே போனேன். சுவரோரம் ஒரு நீள பெஞ்சு. பலகையில் ஒரு மூலையில், தபால் தலை அளவுக்குப் பெயிண்டை அடுக்கு அடுக்காகச் சுரண்டிப் பார்த்தேன். பழைய கட்டடங்களில் காலம் கணிக்க இப்படித்தான் செய்வோம். ஏதாவது ஒரு மதிப்பு கண்ணில் பட்டால், அதைச் சொல்லித் தட்டியைக் காப்பாற்றலாம் என்பது என் எண்ணம். பச்சைக்கு அடியில் சாம்பல். சாம்பலுக்கு அடியில் கருஞ்சிவப்பு வார்னிஷ், நல்ல தேக்கு. ஓரத்தில் கீல் பதிந்திருந்த பள்ளம்.

அளவு நாடாவை எடுத்துக்கொண்டு ரிக்கார்டு ரூமுக்குப் போனேன். அங்கே உயரமும் குட்டையுமாக நிலைகள் மட்டும் நிற்கின்றன, கதவுகள் இல்லை. அளந்தேன். திரும்ப வந்து அளந்தேன். சந்தேகமே இல்லை. உனக்கு ஆபீஸ்காரர்கள் கொடுத்தது, கழற்றிப் போட்டிருந்த ரிக்கார்டு ரூம் கதவுகளை. கட்டடம் எழுந்த நாளில் செய்த கதவுகள்.

மதிப்பைத் தேடினேன், கிடைத்துவிட்டது. அதுதான் வினை. பழையபடி மீட்கிற வேலையில் அசல் கதவுகள் கிடைத்தால் என்ன செய்வார்கள்? கழற்றிச் சுத்தம் செய்து, ரிக்கார்டு ரூமிலேயே திரும்ப மாட்டுவார்கள். நானும் அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பேன்.

சுரண்டிய இடத்தில் பச்சை பெயிண்டைத் தொட்டு வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. ஒரு கணம் அப்படியும் தோன்றியது. நீ இருந்திருந்தால், "கேட்டாச் சொல்லு, கேக்காதத நீயா ஏன் சொல்லுத?" என்றிருப்பாய். வக்கீல் புத்தி. எனக்கு அது வராது, அக்கா. பார்த்ததை எழுதாமல் விட்டால் என் கைக்கு வேறு என்ன மதிப்பு இருக்கிறது? காவேரியிடம் சொன்னேன். அவள் குதித்தாள். "ஓ மை காட், அங்கிள்! அசலி தர்வாஸே! நீங்க ஜீனியஸ்!" என்று என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினாள். எனக்கு அழுகை வந்தது. சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டாள்.

கதவுகளைக் கழற்ற நாள் குறித்தாகிவிட்டது. அன்றைக்குக் கழற்றுமுன் தலைவர் ஒருமுறை நேரில் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். நான் சீக்கிரமே போய்விட்டேன். மூச்சு வாங்கியது, தட்டிக்குப் பின்னால் போய் அந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். அங்கே எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும் போலவும் இருந்தது. பூனை நாற்றம் இப்போது இல்லை, ஈரச் சுண்ணாம்பு வாசம்.

காலடிச் சத்தம் கேட்டது. தட்டிக்கு அடியில், அந்த ஒரு சாண் இடைவெளியில், செருப்புகள் வந்து நின்றன. தலைவரின் பளபளப்பான பழுப்பு ஷூ. சிமெண்டு படிந்த கனத்த பூட்ஸ், அது காண்ட்ராக்டர் குல்தீப். ஆரஞ்சு நாடா கட்டிய ஷூ காவேரி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீ சாயங்காலம் வந்து வழக்கைச் சொல்லும்போது யாரையும் செருப்பை வைத்துத்தானே சொல்வாய்! "இன்னைக்கு ஒருத்தன் கண்ணாடி மாதிரி பூட்ஸ் போட்டு வந்திருக்கான், பொண்டாட்டிக்குச் சோறு போட வழியில்லையாம்" என்பாய். இவள் ஏன் ஆள் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்க்கிறாள் என்று நினைப்பேன். நீ இங்கே, இந்த பெஞ்சில், அவர்களோடு உட்கார்ந்திருந்தாய்.

அவர்கள் இந்தியில் பேசினார்கள். நான் தமிழில் எழுதுகிறேன்.

"பெரியவர் எங்கே?" என்றார் தலைவர்.

"வந்திருப்பார். எங்கேயாவது ஒரு செங்கல்லை அளந்துகொண்டிருப்பார்" என்றார் குல்தீப். "போன வாரம் நான் வைத்த படியையே மூன்று தடவை அளந்தார். என் மாமனார்கூட என்னை இப்படிச் சந்தேகப்பட்டதில்லை."

தலைவர் சிரித்தார். "பேசவும் மாட்டார், போகவும் மாட்டார். ஆனால் கதவைக் கண்டுபிடித்தது அவர்தான். சந்தோஷமாக இருப்பார்."

"இல்லை ஸார்," என்றாள் காவேரி. "எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது. இதை வைக்கவைத்த வக்கீல் அவருடைய அக்கா. வெளியே டைப்பிஸ்ட் சொன்னார்."

ஆரஞ்சு நாடா ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றது.

"அப்படியானால் இதைப் பற்றி அவர் பேசாமல் இருப்பதே நல்லது," என்றார் தலைவர். "சொந்த விஷயம் ஆகிவிடும்."

"பேசினால்தானே!" என்றார் குல்தீப்.

நான் பேசினேன், அக்கா. எப்படி என்று தெரியவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, பச்சைப் பலகையைப் பார்த்தபடி பேசினேன்.

"ஸார், நான் இங்கேதான் இருக்கிறேன்" என்றேன். பழுப்பு ஷூ திடுக்கிட்டுப் பின்னால் நகர்ந்தது. "இது என் அக்கா வைத்ததுதான். அது சொந்த விஷயம்தான். அதைத் தள்ளிவைத்துவிடுங்கள். என் வரைபடம் தப்பு. அதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு, வரைந்தவன் நான்."

"நெல்லை சாப், வெளியே வாருங்கள்" என்றார் தலைவர்.

"வேண்டாம் ஸார். வெளியே வந்தால் எனக்குப் பேச வராது."

காவேரி களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டது கேட்டது. நான் நிறுத்தவில்லை. இந்தக் கட்டடத்தை வரைந்தவர்கள் நீதிபதிக்கு இடம் வரைந்தார்கள், கோப்புக்கு இடம் வரைந்தார்கள், குதிரை வண்டிக்குக்கூட இடம் விட்டார்கள். புருஷன்மேல் வழக்குப் போடும் பெண் ஒருத்தி வந்து காத்திருப்பாள் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை என்றேன். அவளுக்கான இடம் பின்னால்தான் வந்தது, அதுவும் கழற்றிப் போட்ட கதவால் வந்தது. கதவைத் திரும்ப மாட்டினால் ரிக்கார்டு ரூம் முழுமையாகும், சரி. ஆனால் பார்க்க வருகிறவருக்கு அந்தப் பெண் எங்கே நின்றாள் என்று எதைக் காட்டுவீர்கள்? நிலைகள் காலியாகவே இருக்கட்டும், இதன் கதவுகள் தாழ்வாரத்துக்குப் போயின என்று எழுதிவையுங்கள் என்றேன். இதில் உட்கார்ந்த ஒரு பெண் இதை எடுத்துப் போடச் சொல்கிறாள், அதையும் சொல்லிவிடுகிறேன் என்றேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. மொத்தத்தில், என் வாழ்க்கையில் நான் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

பழுப்பு ஷூ சுற்றிக்கொண்டு உள்ளே வந்தது. தலைவர் என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். குனிந்து கீழே பார்த்தார். குல்தீப்பின் பூட்ஸும் காவேரியின் ஷூவும் தெரிந்தன.

"இங்கிருந்து கால் மட்டும்தான் தெரிகிறது" என்றார்.

"ஆமாம் ஸார்."

"அவர்களுக்கு நாம் தெரிய மாட்டோம்."

"மாட்டோம் ஸார்."

குல்தீப் வெளியிலிருந்து, "ஸார், கழற்ற ஆள் வந்திருக்கிறது, என்ன சொல்லட்டும்?" என்றார்.

"இன்றைக்கு வேண்டாம். டீ குடிக்கச் சொல்" என்றார் தலைவர். அப்புறம் என்னிடம், "இதை நான் ஒருவன் முடிவு செய்ய முடியாது. கதவை மாட்டுவதற்கு மேலிடத்தில் ஒப்புதல் வாங்கியாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை அவர்களோடு கூட்டம் இருக்கிறது. எனக்காக நீங்கள் பேசாதீர்கள், உங்கள் அக்காவுக்காகவும் பேசாதீர்கள். இப்போது சொன்னதை அப்படியே சொல்லுங்கள். நான் சொன்னால் கிழவனுக்கு மனம் மாறிவிட்டது என்பார்கள். வரைந்தவர் சொன்னால் கேட்க வேண்டியிருக்கும்" என்றார்.

வீட்டுக்கு வந்து கமலாவிடம் நடந்ததைச் சொன்னேன். "நீங்களா? பேசினீங்களா?" என்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். தட்டியை செல்போனில் படம் எடுத்திருந்தேன், காட்டு என்றாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். பிறகு, பெஞ்சின் வலது ஓரத்தை விரலால் தொட்டு, "இங்கதான்" என்றாள். இருக்க வேண்டுமா எடுக்க வேண்டுமா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ?

நேற்று புதுத் தாளில் தாழ்வாரத்தைத் திரும்ப வரைந்தேன். உயரமும் குட்டையுமாக ஒவ்வொரு பலகையும், அடியில் ஒரு சாணும், உள்ளே பெஞ்சும். கறுப்புப் பென்சிலால் வரைந்தேன்.

நாளைக்குச் செவ்வாய்க்கிழமை. கூட்டம் அந்தத் தாழ்வாரத்தில் இல்லை, பெரிய ஆபீஸில். நீள மேஜை, எதிரும் புதிருமாக நாற்காலி. எல்லோருக்கும் முகம் இருக்கும், எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். எனக்கு முன்னால் உன் தட்டி இருக்காது. களைப்பாக இருக்கிறது, அக்கா. யாராவது எனக்குப் பதிலாகப் போனால் நன்றாக இருக்கும் என்று இந்த வரியை எழுதும்போதும் நினைக்கிறேன்.

ஆனாலும் போகிறேன். அவர்கள் பார்க்கட்டும். மேஜைக்கு அடியில் அவர்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டாவது, சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்காமல் எழுந்திருக்க மாட்டேன்.

உனக்கு வாக்குக் கொடுத்த தைரியத்தில்,
உன் கூடப்பிறந்த தம்பி
நெல்லையப்பன்